மதில் சூழ்ந்த திராட்சைத் தோட்டம்

பிரெஞ்சு நாட்டின் பர்கண்டிப் பகுதியில், திழோன் நகருக்குத் தெற்கே, வூழோ என்னும் சிற்றூர் உள்ளது. அதை ஒட்டி ஏறக்குறைய 125 ஏக்கர் பரப்பில் கல்மதில் சூழ்ந்த திராட்சைத் தோட்டம் ஒன்று விளங்குகிறது. ‘க்ளோ த வூழோ’ என்பது அதன் பெயர். ‘க்ளோ’ என்றால் அடைப்புள்ள நிலம் என்று பொருள். நேயர்களே, மதுவின் பெருமை பேசுவது நம் நோக்கமன்று. ஒரு நிலம் பல நூற்றாண்டுகளாகக் கைமாறியும் தன் பெயரை எவ்வாறு காத்துக்கொண்டது என்பதையே இங்குக் காண்போம்.

1098-ஆம் ஆண்டில் மொலேம் மடத்தின் தலைவரான ரொபேர் என்பார், துறவியர் சிலருடன் வெளியேறிச் சீத்தோ என்னுமிடத்தில் புதிய மடம் ஒன்றை நிறுவினார். கையால் உழைத்து உண்ணுதல் அவர்கள் மேற்கொண்ட நெறி. வழிபாட்டிற்குத் திராட்சை மது வேண்டும். மடம் அமைந்த ஈரமான தாழ்நிலமோ கொடிக்கு ஏற்றதன்று. ஆகவே 12-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல், மேற்கேயுள்ள குன்றுச் சரிவில் நிலங்களைத் தானமாகவும் விலைக்கும் பெற்றுச் சிறுகச் சிறுகச் சேர்த்தனர். 1336-ஆம் ஆண்டளவில் சுற்று மதில் நிறைவுற்றது. துண்டு நிலங்கள் ஒரு தோட்டமாக இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் சென்றன.

மதிலுக்குள் மண் ஒரே தன்மையதன்று. மேற்புறத்தில் சுண்ணாம்புக் கல்லின்மீது மெல்லிய மண் படிந்திருப்பதால் நீர் விரைவில் வடியும். சாலையை ஒட்டிய கீழ்ப்புறத்தில் களிமண் கனத்திருப்பதால் ஈரம் தங்கும். தோட்டம் முழுவதும் ஒரே மடத்தின் உடைமையாயிருந்தபோது, ஒரு பகுதியின் குறையை மற்றொரு பகுதியின் விளைவால் ஈடுசெய்ய இயன்றது.

இங்கு விளைவது பினோ நுவார் என்னும் கருந்திராட்சை. மிகுதியாகக் காய்க்கும் கமே என்னும் இனத்தைத் தரம் தாழ்ந்ததென்று கருதிய பர்கண்டிக் கோமகன் பிலிப், 1395-இல் அதனைப் பயிரிடலாகாது என ஆணையிட்டான். பழச்சாறு இயல்பில் நிறமற்றது; தோலுடன் சேர்த்துப் புளிக்கவைப்பதால்தான் சிவப்பு நிறம் ஏறுகிறது. மேலே மிதந்தெழும் தோல்களை அவ்வப்போது சாற்றினுள் அமிழ்த்துவர். பின்னர்ப் பிழிந்து, 228 லிட்டர் கொள்ளும் ஓக் மரப் பீப்பாய்களில் நெடுங்காலம் வைத்துப் பக்குவப்படுத்துவர். மடத்தார் காலத்துப் பெரிய பிழிபொறிகள் நான்கும், 1551-இல் எழுந்த மாளிகையும் இன்றும் அங்கே உள்ளன.

பிரெஞ்சுப் புரட்சி இந்த ஒழுங்கைக் குலைத்தது. 1789-இல் திருச்சபைச் சொத்துக்கள் நாட்டுடைமையாயின. 1791-இல் தோட்டம் ஏலத்தில் விற்கப்பட்டது. 1818 முதல் ஊவ்ரார் குடும்பத்தார் அதனைப் பிரிக்காமல் ஆண்டனர். இதற்கிடையே, 1878-இல் ஃபிலாக்ஸெரா என்னும் பூச்சி பர்கண்டியை எட்டி வேர்களை அரித்தது. அமெரிக்கக் கொடியின் வேர்மீது பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக்கட்டிய பின்னரே திராட்சைத் தோட்டங்கள் பிழைத்தன. 1889-இல் க்ளோ த வூழோ பலருக்குப் பிரித்து விற்கப்பட்டது. மக்கள் அனைவருக்கும் சமபங்கு அளிக்கும் பிரெஞ்சு வாரிசுச் சட்டம் அந்தப் பங்குகளை மேலும் பிளந்தது. பாகப்பிரிவினையின் விளைவு நம்மவர்க்குப் புதிதன்று. இன்று மதிலுக்குள் ஏறத்தாழ எண்பது உரிமையாளர் உள்ளனர். சிலருக்குச் சில வரிசைக் கொடிகளே உள.

எனினும் பெயர் சிதறவில்லை. மதிலுக்குள் விளைவதற்கே இப்பெயர் உரியதென 1937-இல் சட்டம் வரையறுத்தது. 1934-இல் தோன்றிய பர்கண்டி மதுச் சங்கமொன்று 1944-இல் மாளிகையைப் பெற்றுப் பேணத் தொடங்கியது. 2015-இல் பர்கண்டித் திராட்சை நிலங்கள் உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோவால் ஏற்கப்பட்டன.

ஆயினும் ஒரு சிக்கல் எஞ்சி நிற்கிறது. மேட்டு நிலத்தானும் பள்ள நிலத்தானும், கருத்தாய் உழைப்பவனும் அசட்டையாய் இருப்பவனும் ஒரே பெயரை எழுதிக்கொள்ளலாம். அதனால் விவரம் அறிந்தோர் தோட்டத்தின் பெயருக்குக் கீழே உள்ள உழவனின் பெயரையும் படித்த பின்னரே வாங்குகின்றனர். முன்னோர் கட்டிய மதில் பெயரைக் காக்கும். அந்தப் பெயருக்குரிய மதிப்பை ஒவ்வோர் ஆண்டும் உழைப்பே ஈட்டித் தரவேண்டும்.