தாயும் மகனும்

பெர்லின் நகரத்தில் 'உன்டர் டென் லிண்டன்' என்று ஒரு ராஜபாட்டை இருக்கிறது. அதன் ஓரத்தில், கிரேக்கக் கோயிலைப் போல முகப்பில் தூண்கள் நிறுத்திய ஒரு சிறு கட்டடம். பிரஷ்ய மன்னரின் காவற்படைக்காக ஷிங்கெல் என்ற கட்டடக் கலைஞர் 1818-ல் கட்டி முடித்தது. பின்னால் வந்த ஆட்சிகள் ஒவ்வொன்றும் அதற்கு ஒரு புது வேஷம் கட்டிப் பார்த்தன. 1931-ல் முதல் உலகப் போரில் மாண்டவர்களுக்கு நினைவு மண்டபம் ஆயிற்று. ஹிட்லர் காலத்தில் சுவரில் சிலுவை ஏறியது. கம்யூனிஸ்டுகள் 1960-ல் பாசிசத்துக்குப் பலியானவர்களின் மண்டபம் என்றார்கள். ஜெர்மனி மீண்டும் ஒன்றான பிறகு, 1993-ல்தான் இன்றைய கோலம் வந்தது.

உள்ளே நுழைந்தேன். வெறும் கூடம். கூரை நடுவில் வட்டமாக ஒரு திறப்பு. மழையானாலும் பனியானாலும் நேரே உள்ளே விழும். அதன் கீழே வெண்கலத்தில் ஒரு தாய், இறந்த மகனைத் தன் முழங்கால்களுக்கு நடுவே கிடத்தி அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவள் அழவில்லை. ஏதோ யோசிப்பவளைப் போலத்தான் இருக்கிறாள்.

இதை வடித்த கேத்தே கோல்விட்ஸ் அம்மையாரின் கதை தெரிந்தால் அந்த யோசனையும் புரியும். 1914-ல் அவருடைய இளைய மகன் பீட்டருக்கு வயது 18. பட்டாளத்தில் சேரத் துடித்தான். தகப்பனார் அனுமதி வேண்டும். டாக்டரான அவர் மறுத்துவிட்டார். கணவரிடம் மன்றாடிச் சம்மதம் வாங்கிக் கொடுத்தவர் தாயார்தான்! அக்டோபர் மாதமே பையன் பெல்ஜியத்தில் மாண்டான். மகன் கையில் வேலைக் கொடுத்துப் போருக்கு அனுப்பிய தாயைப் பற்றிப் பள்ளியிலேயே படித்தவர்கள் நாம். அந்தத் தாய் மறுநாள் என்ன நினைத்தாள் என்று யாரும் நமக்குச் சொல்லவில்லை.

கோல்விட்ஸ் பதினெட்டு ஆண்டுகள் நினைத்தார். 1932-ல் மகன் புதைந்த மயானத்தில் இரண்டு கற்சிலைகளை வைத்தார்: மண்டியிட்ட தகப்பன், மண்டியிட்ட தாய். இருவருக்கும் தனித்தனிப் பீடம்.

பெர்லின் மண்டபத்தில், 'போருக்கும் கொடுங்கோன்மைக்கும் பலியானவர்களுக்கு' என்று பொறித்திருக்கிறார்கள். கொன்றவனையும் கொல்லப்பட்டவனையும் ஒரே வரியில் அடக்கலாமா என்று அப்போதே பலர் சண்டைக்கு வந்தார்கள். நியாயமான சண்டை. வெளியே இன்னொரு பலகை வைத்து, யூதர்கள் முதலாக யார் யார் பலியானார்கள் என்று விவரமாக எழுத வேண்டியதாயிற்று. ஆனால், மகனுக்காகச் சம்மதம் வாங்கித் தந்த தாய்க்கு இரண்டு பலகையிலும் இடம் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1930-களின் கடைசியில் அவர் செய்த மூலச் சிலையின் உயரம் 38 சென்டிமீட்டர்தான். மண்டபத்துக்காக அதை ஹாரால்ட் ஹாக்கே என்ற சிற்பி பெரிதாக்கினார். சர்க்கார் காரியத்துக்கு அந்தப் பருமன் தேவைதான். எனக்கென்னவோ, மேஜைமேல் வைத்துத் தனியே பார்த்துக்கொண்டிருக்கக்கூடிய அந்தச் சின்ன உருவமே பொருத்தமாகப் படுகிறது.

அதை வடித்துச் சில வருஷங்களில், 1942-ல், பீட்டர் என்றே பெயர் சூட்டியிருந்த பேரனும் ரஷ்யப் போர்முனையில் மாண்டான்.