கொழுப்பு சொட்டும் இடம்

இறைச்சி நெருப்பின்மேல் வேகும்போது கொழுப்பு உருகிச் சொட்டும். அந்தச் சொட்டு எதன்மேல் விழுகிறது, விழுந்தபின் எங்கே போகிறது என்ற கேள்வியோடு மல்லுக்கட்டித்தான் கேஸ் பார்பிக்யூ வளர்ந்திருக்கிறது. வீட்டுத் தோட்டத்தில் சமைக்க ஒன்று வாங்கலாம் என்று கடைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் மூடியின் பளபளப்பையும் திருகுகளின் எண்ணிக்கையையும் பார்க்கிறார்கள். கம்பித்தட்டைத் தூக்கி அடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள் என்பேன் நான். அது ஏன் என்பது, இந்தப் பொருள் வந்த வழியைப் பார்த்தால் விளங்கும்.

கேஸுக்கு முன்னால் கரி. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் அயர்ன் மவுண்டன் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஹென்றி ஃபோர்டின் மர ஆலை இருந்தது. அந்தக் காலத்துக் கார்களில் மரவேலை ஏராளம். அறுத்து மிஞ்சிய துண்டுகளையும் தூளையும் வீணாக்காமல், 1920களில் அவற்றைக் கரியாக்கி, பசை சேர்த்து அழுத்திக் கட்டிகளாக்கினார்கள். ஃபோர்டு கார் விற்ற கடைகளிலேயே அந்தக் கரியும் விற்பனைக்கு வந்தது. இன்று அமெரிக்காவில் எல்லாக் கடைகளிலும் கிடைக்கும் கிங்ஸ்ஃபோர்டு கரிக்கு அதுவே மூலம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு புறநகர்களில் தோட்டத்தோடு கூடிய வீடுகள் பெருகின. சனி, ஞாயிறு மாலைகளில் தோட்டத்தில் அடுப்பு மூட்டுவது வழக்கமானது. அப்போதைய அடுப்பு கால் வைத்த திறந்த தட்டு, அவ்வளவுதான். காற்றடித்தால் சாம்பல் இறைச்சியில் ஒட்டும். தூறல் போட்டால் தணல் அவியும். கொழுப்பு சொட்டினால் தீ குப்பென்று எழும். சிகாகோவில் வெபர் பிரதர்ஸ் மெட்டல் ஒர்க்ஸ் என்ற உலோகப் பட்டறையில் இருந்த ஜார்ஜ் ஸ்டீஃபனுக்கு இது பொறுக்கவில்லை. அந்தப் பட்டறையில் ஏரியில் மிதக்கவிடும் மிதவைகளுக்காக இரும்பு அரைக்கோளங்களை வடித்துக்கொண்டிருந்தார்கள். 1952இல் அவர் ஓர் அரைக்கோளத்தை அடுப்பாகவும் இன்னொன்றை மூடியாகவும் ஆக்கி, காற்றுப் போக ஓட்டைகள் போட்டார். மூடி வந்ததும் திறந்த அடுப்பு ஓவனாகவும் ஆகிவிட்டது. உள்ளே போகும் காற்று குறைந்ததால் கொழுப்பு பற்றி எரிவதும் அடங்கியது. பார்பிக்யூ வரலாற்றில் இதைவிடப் பெரிய திருப்பம் கிடையாது என்று நினைக்கிறேன். இன்றைய கேஸ் அடுப்புகளின் மூடியும் இந்த யோசனையின் வாரிசுதான்.

கேஸ் அடுப்புக்கு யார் தந்தை என்பதில் ஒரே பதில் இல்லை. 1950களில் சிகாகோ கம்பஷன் கார்ப்பரேஷனை நடத்திய டான் மெக்லாக்லின், உணவகங்களுக்கான கேஸ் அடுப்பை வீட்டுக்கு ஏற்ப மாற்றினார். 1960களின் தொடக்கத்தில் இலினாய் மாநிலத்து வால்டர் கோசியோலும், ஆர்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக் நகரில் ஆர்க்லா என்ற எரிவாயு நிறுவனத்தில் வேலை பார்த்த வில்லியம் வெப்ஃபர், மெல்டன் லங்காஸ்டர் இருவரும் தனித்தனியே கேஸ் கிரில் செய்தார்கள். இதில் முக்கியமானது, எரிவாயு விற்பவர்களே அடுப்பையும் உருவாக்கினார்கள் என்பது. குளிர்காலத்தில் வீட்டைச் சூடேற்ற ஓடும் எரிவாயு கோடையில் விலைபோகாது. கோடையிலும் அதை விற்க வழி தேடியவர்களுக்குத் தோட்டத்து விளக்குக் கம்பமும் தோட்டத்து அடுப்பும் கைகொடுத்தன. அப்படி வந்த கிரில்களில் பல, மண்ணில் நட்ட கம்பத்தின்மேல், பூமிக்கடியில் வரும் குழாயோடு பிணைந்து நின்றன. நகர்த்த முடியாது. வீடு மாறினால் அடுப்பு அங்கேயே இருக்கும்.

அதற்குக் கால் கொடுத்தது புரொப்பேன் சிலிண்டர். அமெரிக்க வேதியியலாளர் வால்டர் ஸ்னெல்லிங், பெட்ரோலிலிருந்து ஆவியாகி வீணாகும் வாயு என்ன என்று 1910 வாக்கில் ஆராயப்போய்ப் புரொப்பேனைப் பிரித்தெடுத்தார். அழுத்தினால் திரவமாகும். வெளியே விட்டால் பூச்சியத்துக்குக் கீழே 42 டிகிரி செல்சியஸிலேயே கொதித்து வாயுவாகும். வீட்டு எல்.பி.ஜி.யில் கலந்திருக்கும் பியூட்டேனோ பூச்சியத்தை ஒட்டிய குளிரிலேயே ஆவியாக மறுக்கும். கடுங்குளிர் நாடுகளில் வெளியில் சமைப்பதற்குப் புரொப்பேனே சரிப்படும் என்பதற்குக் காரணம் இதுதான். 20 பவுண்டு சிலிண்டர், அதாவது சுமார் 9 கிலோ வாயு, வட அமெரிக்கப் பார்பிக்யூவின் அளவுகோலாகிவிட்டது. சக்கரம் வைத்த வண்டி, உள்ளே சிலிண்டர், மேலே அடுப்பு என்ற உருவம் நிலைத்தது.

இப்போது அந்தச் சொட்டுக்கு வருவோம். கரியில் விழும் கொழுப்பு ஆவியாகிப் புகையாக மேலெழுந்து இறைச்சியில் படியும். கரிக்கே பெரிய மணம் கிடையாது. மரத்தின் மணப்பொருள்களில் பெரும்பகுதி கரி சுடும்போதே வெளியேறிவிடும். நாம் பார்பிக்யூ மணம் என்று கொண்டாடுவது பெரும்பாலும் இந்தக் கொழுப்பும் இறைச்சிச் சாறும் எரிந்த மணம். கேஸில் கரி இல்லையே, சொட்டு எதில் விழும்? ஆரம்ப காலத்தவர்கள் எரிமலைக் கற்களைப் பரப்பினார்கள். பர்னர் கல்லைச் சூடாக்கும், கல் கரியைப் போலத் தகிக்கும், அதில் கொழுப்பு விழுந்து புகையும். யோசனை நல்லதுதான். ஆனால் எரிமலைக் கல் ஓட்டை ஓட்டையாக இருக்கும். விழுந்த கொழுப்பையெல்லாம் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். நாலைந்து முறை சமைத்தபின் கற்படுக்கையே திரியாகிவிடும். திடீரென்று தீ பற்றி, வெளியே கருகி உள்ளே வேகாத கோழியைத் தட்டில் வைக்க வேண்டியதாகும். கேஸ் கிரில் மட்டம் என்ற பேச்சு நிலைத்ததற்கு அந்தக் கற்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

1985இல் வெபர் நிறுவனம் ஜெனிசிஸ் என்ற கிரிலைக் கொண்டுவந்தது. ஸ்டீஃபனின் அதே நிறுவனம்தான், கரியில் பெயர் எடுத்து முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு. அதில் கற்கள் இல்லை. பர்னர்களுக்குமேல் கூரையின் முகட்டைப் போல வளைத்த எனாமல் பூசிய இரும்புப் பட்டைகள். சொட்டு அதில் விழுகிறது. ஒரு பங்கு உடனே ஆவியாகிப் புகையாகிறது, மணம் தருகிறது. மிச்சம் சரிவில் வழிந்து கீழே உள்ள தட்டுக்குப் போய்விடுகிறது. பட்டை பர்னரையும் மறைப்பதால் பர்னர் ஓட்டைகள் அடைபடுவதில்லை. மணமும் வேண்டும், தீப்பற்றவும் கூடாது என்ற இரண்டு விருப்பத்தையும் சரிவு ஒன்றே தீர்த்துவைத்தது. பெயர்கள் வேறாக இருந்தாலும் இன்று நல்ல கிரில்கள் பலவற்றில் அடியில் இருப்பது இந்தச் சரிவுப் பட்டைதான்.

ஆஸ்திரேலியர்கள் வேறு பதில் சொன்னார்கள். அங்குள்ள கிரில்களில் பாதியைக் கம்பியாகவும் பாதியைத் தோசைக்கல்லைப் போன்ற கனத்த தட்டாகவும் வைப்பது வழக்கம். தட்டில் சாசேஜும் வெங்காயமும் வேகும்போது சொட்டு தீக்குப் போகவே இடமில்லை.

ஆகவே கடையில் கம்பித்தட்டைத் தூக்குங்கள். பட்டைகள் கனமாக, பர்னரை முழுதாக மறைத்து, நல்ல சரிவில் இருக்கின்றனவா? வழியும் கொழுப்பு வந்து சேரும் தட்டை வெளியே இழுத்துக் கழுவ முடிகிறதா? மெல்லிய தகட்டில் சும்மா ஒரு மடிப்பு வைத்திருந்தால் இரண்டு கோடையில் ஓட்டை விழும். பிறகு அடுப்புப் பெட்டியைப் பாருங்கள். வார்ப்பு அலுமினியம் துருப்பிடிக்காது, சூட்டைப் பிடித்து வைக்கும். மெல்லிய இரும்புத் தகட்டுப் பெட்டி வெளியில் பனியிலும் மழையிலும் நிற்கத் தகாது. ஸ்டெயின்லெஸ் என்று எழுதியிருந்தால் ஒரு சின்னக் காந்தத்தை ஒட்டிப் பாருங்கள். 304 என்ற வகை பொதுவாக ஒட்டாது. ஒட்டினால் அது 430 போன்ற மலிவான வகையாக இருக்கும், கடலோரத்தில் சீக்கிரம் கறைபடியும். பர்னருக்கு எத்தனை ஆண்டு உத்தரவாதம் தருகிறார்கள் என்பதைக் கேளுங்கள். நல்ல நிறுவனங்கள் பத்து ஆண்டு வரை தருவதுண்டு.

பி.டி.யு. என்ற எண்ணை நம்பி ஏமாற வேண்டாம். அது அடுப்பு எவ்வளவு கேஸ் குடிக்கும் என்பதன் அளவு. எவ்வளவு சூட்டை உணவுக்குக் கொடுக்கும் என்பதை அது சொல்லாது. 9 கிலோவாட் என்பது மணிக்குச் சுமார் 30,700 பி.டி.யு. அதைச் சின்னப் பெட்டியில், இறுகிய மூடியோடு வைத்தால் நன்றாகச் சுடும். அதே எண் ஓட்டைக் கூரையுள்ள பெரிய பெட்டியில் வந்தால் காற்றைச் சூடாக்கி முடியும். 9 கிலோ சிலிண்டரில் கிட்டத்தட்ட 125 கிலோவாட் மணி சக்தி உண்டு. 9 கிலோவாட் அடுப்பை எல்லாத் திருகும் முழுதாகத் திறந்தே எரித்தால் பதினான்கு மணி நேரம் ஓடும். அமெரிக்காவில் மாற்றுச் சிலிண்டர் தரும் சில இடங்களில் 20 பவுண்டுக் கலத்தில் 15 பவுண்டு மட்டுமே நிரப்புகிறார்கள், லேபிளைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். உங்கள் ஊரில் நிரப்பித் தரும் நிலையம் இருந்தால் அதுவே லாபம்.

பர்னர் எத்தனை என்பதில் எனக்குத் திடமான கருத்து உண்டு. இரண்டு குறைந்தபட்சம். மூன்று சிறப்பு. நான்கு, ஐந்து, ஆறு என்பதெல்லாம் பெரும்பாலான குடும்பங்களுக்கு வீண். இரண்டாவது கட்டாயம் ஏன் என்றால், ஒரு பக்கம் எரியவிட்டு மறுபக்கம் அணைத்து வைக்க வேண்டும். கனடாவில் டொரண்டோ, மார்க்கம் பக்கம் கோடையில் கோழியைத் தயிரும் மிளகாய்த்தூளும் இஞ்சி பூண்டும் போட்டுப் புரட்டிவைக்கும் தமிழ் வீடுகளுக்கு இது மிகவும் பொருந்தும். கனத்த மசாலா நேர்த் தீயில் ஐந்து நிமிடத்தில் கருகும், எலும்போரம் பச்சையாகவே இருக்கும். முதலில் எரியும் பக்கத்தில் நிறம் ஏற்றி, பிறகு அணைந்த பக்கத்துக்கு நகர்த்தி, மூடியைப் போட்டு, உள்வெப்பம் 74 டிகிரி செல்சியஸ் வரும்வரை விட வேண்டும். மூடியில் பதித்த வெப்பமானி மூடியின் உயரத்துச் சூட்டைத்தான் காட்டும். இறைச்சியில் குத்திப் பார்க்கும் வெப்பமானியைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள்.

இயற்கை எரிவாயுக் குழாய் தோட்டம் வரை வந்திருக்கும் வீடுகள் கனடாவிலும் அமெரிக்காவிலும் நிறைய உண்டு. அதற்கான கிரில் வேறு. ஒரே கன அளவில் புரொப்பேனின் வெப்பம் இயற்கை எரிவாயுவைவிட இரண்டரை மடங்கு. அதனால் பர்னருக்குள் கேஸ் புகும் ஓட்டையின் அளவு மாறும். ஒன்றுக்கான அடுப்பை இன்னொன்றில் மாட்டக் கூடாது. தமிழ்நாட்டில் வாங்குகிறவர்களும் இதை நினைவில் வைக்க வேண்டும். நம் 14.2 கிலோ சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த வாயு, அதன் வால்வும் ரெகுலேட்டரும் வேறு. வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த கிரிலை ஒட்டுப்போட்டு இங்கே இணைப்பது ஆபத்து. இங்குள்ள எரிவாயுவுக்கென்று சான்று பெற்றதை வாங்குங்கள்.

மாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள் வாங்குமுன் கட்டட விதியைப் படியுங்கள். மர பால்கனியிலும் எரியும் பொருள்களால் ஆன சுவரிலிருந்து 10 அடிக்குள்ளும் கேஸ் கிரில் வைக்க அமெரிக்காவின் பல ஊர்களில் அடுக்குமாடிகளுக்கு அனுமதி இல்லை.

வாங்கியபின் அதிகம் தொல்லை தருவது சிலந்தி. குளிர்காலம் முழுக்க மூடிக் கிடந்த கிரிலின் பர்னர் குழாய்க்குள் வலை பின்னிவிடும். கேஸும் காற்றும் சரியாகக் கலக்காமல் மஞ்சள் தீ எரியும், சில சமயம் தீ பின்னோக்கி வரும். கோடை தொடங்கும்போது குழாயைக் கழற்றி நீளத் தூரிகையால் ஒருமுறை துடைத்துவிட வேண்டும். கம்பித்தட்டைச் சுரண்டக் கம்பித் தூரிகை வேண்டாம். அதிலிருந்து உதிர்ந்த கம்பி முடி உணவோடு வயிற்றுக்குள் போய்க் குடலைக் குத்திய நிகழ்வுகளை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2012இல் பதிவு செய்திருக்கிறது. சூடான கம்பியை ஈரத் துணியாலோ மரச் சுரண்டியாலோ துடைத்தால் போதும்.

அடுப்பு நன்றாகச் சூடாகவில்லை என்றால் உடனே பழுது என்று முடிவு கட்ட வேண்டாம். சிலிண்டரை வெடுக்கென்று திறந்தால் ரெகுலேட்டர் கசிவென்று எண்ணி வாயுவைக் கட்டுப்படுத்திவிடும். எல்லாவற்றையும் அணைத்து, ஒரு நிமிடம் கழித்து, சிலிண்டர் வால்வை மெதுவாகத் திறந்தால் சரியாகிவிடும். சிலிண்டரை மாட்டும் ஒவ்வொரு முறையும் இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள், குமிழி வந்தால் பற்றவைக்க வேண்டாம். புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், பெட்டியின் அடியில் தேங்கும். மூடியைத் திறந்துவைத்த பிறகே தீ மூட்டுங்கள். பற்றாவிட்டால் எல்லாத் திருகையும் மூடி, ஐந்து நிமிடம் பொறுத்து மறுபடி முயலுங்கள்.