காந்தம் கேட்டதும் காது கேட்டதும்: பிக்கப்புகளின் வரலாற்றில் ஏமாற்றமும் வியப்பும்

சீவக சிந்தாமணியின் காந்தருவதத்தையார் இலம்பகத்தில் ஒரு யாழ்ப் போட்டி இடம்பெறுகிறது. தன்முன் வைக்கப்பட்ட யாழ்களைச் சீவகன் ஒவ்வொன்றாக விலக்குகிறான். ஒன்று நீரில் நின்று இளகிய மரம்; ஒன்று வாள்வெட்டுப் பட்டது; மற்றொன்று இடி விழுந்தது. கருவியின் குரல் அதன் மரத்தில் குடியிருக்கிறது என்ற எண்ணம் தமிழ் மரபில் எத்துணைப் பழமையானது என்பதற்கு இக்காட்சி சான்று. முற்றிய பலா மரத்தைத் தேர்ந்து வீணை கடையும் தஞ்சாவூர்க் கைவினைஞர் வரை அவ்வெண்ணம் தொடர்கிறது. 1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் உருவான ஒரு சிறிய சாதனம் அதற்கு முதன்முறையாக ஒரு சவாலை முன்வைத்தது. அதுவே பிக்கப்.

பிக்கப்பின் அமைப்பு எளிமையானது. ஒரு நிலைக்காந்தம், அதைச் சுற்றி மயிரிழை போன்ற செப்புக் கம்பியில் பல ஆயிரம் சுற்றுகள். மேலே எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் கலைகிறது; அக்கலைவு சுருளில் நுண்ணிய மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. 1831இல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே இதன் அடிப்படை. இங்கு கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. காற்றில் பரவும் ஒலியை இச்சாதனம் அறியாது. தனக்கு நேர் மேலே எஃகு எவ்வாறு அசைகிறது என்பதை மட்டுமே அது அறியும். மரத்தின் பங்கு, அந்த அசைவை எவ்வளவு விரைவில் அடக்குகிறது என்ற அளவில் மறைமுகமாக மட்டுமே வந்து சேரும்.

வணிக வெற்றி பெற்ற முதல் மின்கிதார் ஜார்ஜ் போஷாம் வடிவமைத்து, அடால்ஃப் ரிக்கன்பேக்கருடன் இணைந்து 1932இல் சந்தைக்குக் கொண்டுவந்த அலுமினியக் கருவி. அதன் தோற்றம் கருதி அதை 'வாணலி' என்றே அழைத்தனர். மடியில் கிடத்தி, உலோகத் துண்டைக் கம்பிமேல் நகர்த்தி வாசிக்கும் ஹவாய் இசைக்கென்றே அது செய்யப்பட்டது. அன்று கிதார் கலைஞரின் குறை ஒன்றே: பித்தளைக் காற்றுக் கருவிகள் நிறைந்த குழுவில் தம் கருவி காதில் விழவில்லை. எனவே முதல் பிக்கப்பின்மீது வைக்கப்பட்ட எதிர்பார்ப்பும் உரத்த ஒலி என்ற ஒன்றுடன் நின்றது. அதை அது நிறைவேற்றியது. ஏமாற்றமும் வியப்பும் அதன் பின்னரே தொடங்கின.

முதல் ஏமாற்றம் இரைச்சல். ஒற்றைச் சுருள், கம்பியின் அசைவோடு அருகிலுள்ள மின்விளக்கு, மின்மாற்றி ஆகியவற்றின் முனகலையும் சேர்த்து வாங்கியது. கிப்ஸன் நிறுவனத்தின் பொறியாளர் சேத் லவர் இதற்குத் தீர்வு கண்டார். இரண்டு சுருள்களை எதிரெதிர்த் திசையில் சுற்றி, காந்த முனைகளையும் மாற்றி வைத்தால், வெளி இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். கம்பியின் ஒலி மட்டும் கூடும். 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1959இல் அது கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் வெளிவந்தவற்றின் அடியில் 'காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டது' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடர் அச்சிட்ட சிறு தாள் ஒட்டப்பட்டது. அத்தொடரின் முதலெழுத்துகளைச் சேர்த்து, 'பிஏஎஃப்' என்பதே பின்னாளில் அதன் பெயரும் ஆயிற்று.

லவர் விரும்பியது தூய்மையான, முனகலற்ற ஒலி. ஆனால் அந்தப் பிக்கப்புகள் பொருத்தப்பட்ட 1958-60ஆம் ஆண்டுகளின் லெஸ் பால் கிதார்கள் போதிய அளவு விற்கவில்லை. 1961இல் நிறுவனம் அவ்வடிவத்தையே கைவிட்டு வேறு வடிவத்துக்கு மாறியது. 1966இல் ஜான் மேயாலின் குழுவோடு எரிக் கிளாப்டன் பதிவுசெய்த இசைத்தட்டு வெளிவந்தபோது நிலைமை தலைகீழானது. அத்தகைய கிதார் ஒன்றை வால்வு ஆம்ப்ளிஃபயரில் அதன் தாங்குதிறனுக்கு மேல் செலுத்தி, ஒலி சிதையும் எல்லையில் அவர் வாசித்தார். இரைச்சலை நீக்கச் செய்த சாதனம், சிதைவை இசையாக்கும் சாதனமாயிற்று. விலைபோகாத அக்கிதார்கள் இன்று உலகின் மிக விலையுயர்ந்த மின்கிதார்களின் வரிசையில் உள்ளன. சுற்றுகளின் எண்ணிக்கையும் காந்த வகையும் ஒன்றுக்கொன்று வேறுபட்டமை அன்று உற்பத்திக் குறை. இன்று சேகரிப்போர் ஒவ்வொன்றின் 'தனிக்குரல்' என்று போற்றுவது அதையே.

1958இல் ஃபெண்டர் நிறுவனம் வெளியிட்ட ஜாஸ்மாஸ்டரின் கதை இதற்கு இணையானது. பெயரே சொல்வதுபோல் அது ஜாஸ் கலைஞர்களுக்கானது. அகன்ற, தட்டையான சுருள்களால் ஆன அதன் பிக்கப் மென்மையான ஒலியைத் தரும் என்று எதிர்பார்த்தனர். ஜாஸ் கலைஞர்களில் பெரும்பாலோர் தம் உள்ளீடற்ற மரக் கிதார்களை விட்டு நகரவில்லை. கலிஃபோர்னியக் கடற்கரை இளைஞர்களின் 'சர்ஃப்' இசையினர் அதை எடுத்துக்கொண்டனர். பின்னர் டாம் வெர்லைன் போன்றோரும், சோனிக் யூத் போன்ற குழுக்களும் அதைத் தமதாக்கினர். 1960களில் மலிவு விலையில் ஏற்றுமதியான ஜப்பானிய டெய்ஸ்கோ கிதார்களின் பொன்தகட்டுப் பிக்கப்புகளும் இவ்வாறே தொடக்கநிலையாளரின் பொருளாகத் தள்ளப்பட்டன. ரை கூடர் போன்ற ஒரு கலைஞர் அத்தகைய பிக்கப்பைத் தம் கிதாரில் பொருத்திய பின்னர் அவற்றைத் தேடுவோர் பெருகினர்.

இந்தியாவைத் தொட்டுச் செல்லும் ஓர் எடுத்துக்காட்டும் உண்டு. 1967இல் வின்னி பெல் வடிவமைத்த கோரல் மின்சித்தார், உதட்டுச்சாயக் குழாய் வடிவிலான உறைகளுக்குள் அடைத்த பிக்கப்புகளைக் கொண்டிருந்தது. வாசிப்புக் கம்பிகளுக்கு இரண்டு. 13 அனுதாபக் கம்பிகளுக்கு ஒன்று. மேலைப் பாப் இசைக்கு அது 'இந்திய' நிறத்தை எளிதாக வழங்கியது. இந்துஸ்தானி சித்தார் கலைஞரின் கைக்கு அது வரவில்லை. வரவும் வழியில்லை: வளைந்த மெட்டுகளின்மேல் கம்பியை இழுத்து ஒரே மீட்டில் பல சுரங்களைத் தொடும் 'மீண்டு' அதில் இயலாது. குறை பிக்கப்பில் இல்லை. கருவி எந்த இசையிடம் கொண்டு செல்லப்பட்டது என்பதில்தான் இருந்தது.

இந்நிகழ்வுகள் அனைத்திலும் பொதுவான கூறு ஒன்றுண்டு. 'நல்ல பிக்கப்', 'மோசமான பிக்கப்' என்ற தீர்ப்பை வழங்கியது ஆய்வகம் அன்று. அச்சாதனத்திடம் ஒரு குறிப்பிட்ட இசை என்ன கேட்டது என்பதே அதைத் தீர்மானித்தது. இக்கருத்தைச் சோதித்துப் பார்க்கக் கருநாடக இசையைவிடச் சிறந்த களம் அரிது.

வீணை தனம்மாள் (1867-1938) சென்னை ஜார்ஜ் டவுனிலுள்ள தம் இல்லத்தில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசித்தபோது ஒலிவாங்கி கிடையாது. கேட்போர் அசையாமல் அமர்ந்து அந்த மெல்லிய ஒலிக்குத் தம் காதைப் பழக்கிக்கொண்டனர். 1930களில் சபை அரங்குகளில் ஒலிபெருக்கி பரவியது. குரலுக்கும் வயலினுக்கும் அது வாய்த்த அளவுக்கு வீணைக்கு வாய்க்கவில்லை. கேட்கும் இடமும் பெருகிக்கொண்டே வந்தது. புணேயில் பீம்சேன் ஜோஷி தம் குருவின் நினைவாக 1953இல் தொடங்கிய சவாய் கந்தர்வ விழாவைப் போன்ற பெருந்திரள் அரங்குகளில், தந்திக் கருவி கேட்கப்படுவதே மின்வழியில்தான் என்றாயிற்று.

கிதாரின் காந்தப் பிக்கப்பை அப்படியே வீணையில் பொருத்துவதில் ஓர் அடிப்படைத் தடை இருந்தது. மரபான வீணையின் சாரணியும் பஞ்சமமும் எஃகு. மந்தரமும் அனுமந்தரமும் பித்தளை. காந்தம் பித்தளையைக் 'கேட்காது'. மேல் இரு கம்பிகள் முழங்க, கீழ் இரு கம்பிகள் ஏறத்தாழ ஊமையாகிவிடும். ஆகவே 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் வைணிகர் பலர் நாடியது கருவியின் உடலில் ஒட்டும் கான்டாக்ட் மைக். இது காந்தத்தால் இயங்குவதன்று. 1880இல் கியூரி சகோதரர்கள் கண்டறிந்த அழுத்தமின் விளைவால் இயங்குவது. மரத்தின் அதிர்வையே மின்னாக்கும் சாதனம் என்பதால், மரத்தில் நாதம் தேடும் மரபுக்கு இதுவே பொருத்தமானது என்று தோன்றக்கூடும்.

விளைவு அவ்வாறு அமையவில்லை. மரத்தின் அதிர்வோடு நகத்தின் உராய்வு, மெட்டின்மேல் விரல் வழுக்கும் ஓசை, தாளக் கம்பிகளின் சலங்கை என அனைத்தையும் அது ஒரே மதிப்பில் வாங்கியது. சில அடி தொலைவில் அமர்ந்த செவி, காற்று வடிகட்டித் தந்ததைக் கேட்கிறது. மரத்தில் ஒட்டிய படிகத்துக்கு அவ்வடிகட்டி இல்லை. மேலும், இத்தகைய படிகத்தின் மின்தன்மைக்கு மிக உயர்ந்த உள்ளீட்டு எதிர்ப்புக் கொண்ட முன்பெருக்கி தேவை. அரங்கின் பொது ஒலிபெருக்கியில் அதை நேரே செருகினால் தாழ்ந்த சுரங்களின் வலிமை வடிந்துவிடும். வீணையின் சிறப்பே மந்தர நிலையின் கனம் எனும்போது, இழந்தது மிகப் பெரிது. 'நாதம் போய்விட்டது' என்று ரசிகர்கள் வருந்தியதை வெறும் பழமைவாதம் என ஒதுக்கிவிட முடியாது. அவர்கள் செவி உணர்ந்ததற்கு இயற்பியல் காரணம் இருந்தது.

இதற்கு நேர்மாறான வியப்பு, மரபில் வேரே இல்லாத ஒரு கருவியிலிருந்து வந்தது. ஆந்திரத்தின் பாலக்கொல்லில் 1969இல் பிறந்த உப்பலபு ஸ்ரீநிவாஸ், தந்தையின் மேண்டலினைச் சிறுவயதில் எடுத்து வாசிக்கத் தொடங்கினார். அவருடைய குரு ருத்ரராஜு சுப்பராஜு செம்பை வைத்தியநாத பாகவதரின் மாணவர், பாடகர், மேண்டலின் வாசிக்க அறியாதவர். குரு பாடுவார், மாணவர் அதைக் கம்பியில் தேடிக் கண்டடைவார். 1978இல் குடிவாடாவில் தியாகராஜ ஆராதனையில் அரங்கேறியபோது அவருக்கு ஒன்பது வயது. 1983இல் பெர்லின் ஜாஸ் விழா அவரை உலகுக்கு அறிமுகப்படுத்தியது.

மரபான மேண்டலினில் நான்கு இரட்டைக் கம்பிகள். அதன் ஒலி மீட்டியவுடன் மங்கிவிடும். மேலைக் கலைஞர் மீட்டுக்கோலை அதிவேகமாக அசைத்துச் சுரத்தை நிறுத்துவது இதனாலேயே. கமகத்துக்கு இது உதவாது. ஒரு சுரத்தை மீட்டி, அது உயிரோடிருக்கும்போதே அடுத்ததை நோக்கி வளைப்பதுதான் கமகம். இரட்டைக் கம்பிகளைச் சுருதி பிசகாமல் வளைப்பதும் கடினம். ஸ்ரீநிவாஸ் திண்ணிய உடல் கொண்ட மின்மேண்டலினுக்கு மாறினார். இரட்டைக் கம்பிகளை ஒற்றையாக்கினார். ஐந்தாவது கம்பி ஒன்றைச் சேர்த்து ஒலி எல்லையைக் கீழே நீட்டினார்.

காந்தப் பிக்கப்பின் 'குறை' இங்குதான் வரமாயிற்று. உள்ளீடற்ற மரப்பெட்டி கம்பியின் ஆற்றலை உறிஞ்சிக் காற்றில் இறைக்கிறது. அதனால் ஒலி பெரிதாகி விரைவில் தீர்ந்துவிடுகிறது. திண்ணிய உடல் அவ்வாற்றலைக் கம்பியிலேயே தங்கவிடுகிறது. காதுக்கு எட்டாத அந்த மெல்லிய வால்பகுதியைப் பிக்கப்பும் ஆம்ப்ளிஃபயரும் எட்டச் செய்கின்றன. மரத்தின் குரலை அது வாங்கவில்லை என்பது உண்மை. ஆனால் மேண்டலினின் மரக்குரலுக்குக் கருநாடக இசையில் எந்த நினைவும் இல்லை. இழக்க ஒன்றுமில்லாத இடத்தில், கிடைத்த நீடிப்பு முழு ஆதாயமாக நின்றது. சுப்பராஜுவின் வாய்ப்பாட்டைக் கம்பியில் தேடிய சிறுவனுக்கு வேண்டியிருந்ததும் அந்த நீடிப்பே.

மேலைக் கருவி, அதுவும் மின்கருவி என்ற தயக்கம் தொடக்கத்தில் இருந்தது. வாசிப்பு அதைக் கரைத்தது. 1998இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. 2014 செப்டம்பரில் சென்னையில் 45 வயதில் அவர் மறைந்தபோது, 'மேண்டலின்' என்ற சொல் அவர் பெயரிலிருந்து பிரிக்க முடியாததாகியிருந்தது. சுகுமார் பிரசாத், ஆர். பிரசன்னா ஆகியோர் மின்கிதாரில் கருநாடக இசையை வாசிக்க முடிந்ததும் இதே நீடிப்பின் துணையோடுதான். பிக்கப் இக்கலைஞர்களை உருவாக்கவில்லை. அவர்களுடைய பயிற்சி கேட்ட கேள்விக்கு அச்சாதனத்திடம் விடை இருந்தது, அவ்வளவே.

இவ்வரலாறு கருவியியல் ஆய்வுக்கு ஒரு பணியை முன்வைக்கிறது. கருவியை ஆவணப்படுத்தும்போது மரம், நீளம், கம்பியின் உலோகம் ஆகியவற்றை வரிசைப்படுத்துவது சீவகன் காலத்து முறையின் நீட்சி. கடந்த அரை நூற்றாண்டின் கருநாடக இசையைப் பொறுத்தவரை அது போதாது. எந்த வகைப் பிக்கப், எங்கே பொருத்தப்பட்டது, எந்த ஆம்ப்ளிஃபயரில் சென்றது என்பவையும் பதியப்பட வேண்டும். 1970களின் ஒரு வீணைப் பதிவைக் கேட்டு ஒரு பாணியின் நாதம் மெலிந்தது என்று முடிவுகட்டும் மாணவர், உண்மையில் பொருந்தாத ஒரு முன்பெருக்கியின் குறையை அக்கலைஞரின் கணக்கில் எழுதிவிடக்கூடும். அப்பாணியைக் கையாண்டவர்கள் இன்று இல்லாதபோது, அத்தீர்ப்பைத் திருத்த வேறு சாட்சியும் இராது.

கோந்த்வா, புணே