தொடக்க வகுப்புச் செயல்பாடுகளும் குழந்தையின் சிந்தனையும்: ஒரு மறுமதிப்பீடு

தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகளில் செயல்பாடு இன்று வகுப்பறையின் இயல்பாகிவிட்டது. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில், அப்போது ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமாரின் முனைப்பில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007-08 கல்வியாண்டில் மாநிலம் முழுவதும் ஒன்று முதல் நான்கு வரையான வகுப்புகளுக்கு விரிந்தது. ஆந்திரத்தின் மதனப்பள்ளிக்கு அருகே ரிஷிவேலி மையம் ஊரகப் பல்வகுப்புப் பள்ளிகளுக்காக உருவாக்கிய அட்டை முறையே அதன் மூலம். பாடம் மைல்கற்களாகப் பிரிந்தது. ஒவ்வொரு படிக்கும் ஓர் அட்டை, அட்டைக்கு ஒரு லோகோ. படிகளை வரிசைப்படுத்திக் காட்டும் ஏணிப்படியைப் பார்த்துக் குழந்தை தன் இடத்தைத் தானே கண்டுகொண்டது. கரும்பலகை குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்துக்கு இறங்கியது, குழந்தைகளின் படைப்புகள் கம்பிப் பந்தலில் தொங்கின, ஆசிரியர் நாற்காலியை விட்டுப் பாயில் வந்து அமர்ந்தார். 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் பயிற்சி நூலையும் அரும்பு, மொட்டு, மலர் என்னும் கற்றல் நிலைகளையும் கொண்டுவந்தபோதும் செயல்பாட்டை மையத்திலேயே வைத்திருந்தது. அச்சத்தை வகுப்பறையிலிருந்து வெளியேற்றியதில் இந்த இருபதாண்டு முயற்சியின் பங்கு பெரிது. அதை எவரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் ஒரு கேள்வி அநேகமாகக் கேட்கப்படாமலே இருக்கிறது. செயல்பாடு நடக்கிறதா என்று பார்க்கிறோம்; அதைச் செய்து முடிக்கக் குழந்தை எதைப் பற்றிச் சிந்தித்தாக வேண்டியிருக்கிறது என்று பார்ப்பதில்லை. கற்க வேண்டிய கருத்தைச் சிந்திக்காமலே செய்து முடிக்கக்கூடிய செயல்பாடு, எத்தனை வண்ணமயமாக இருந்தாலும், அந்தக் கருத்தைக் கற்பிக்காது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இந்த வாதத்துக்கு மிகத் தெளிவான சான்று எண் கற்றலில் கிடைக்கிறது. அமெரிக்க உளவியலாளர்கள் ராபர்ட் சீக்லரும் கீதா ரமணியும் 2008-ல் வெளியிட்ட ஆய்வில், வறிய குடும்பங்களைச் சேர்ந்த நான்கு, ஐந்து வயதுக் குழந்தைகள் ஒன்று முதல் பத்து வரை எண்கள் வரிசையாக எழுதப்பட்ட எளிய கட்ட விளையாட்டை ஆடினார்கள். இரண்டு வாரத்தில் நான்கு அமர்வுகள், ஒவ்வொன்றும் கால் மணி நேரத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான். எண்களை அடையாளம் காண்பது, எது பெரிது என ஒப்பிடுவது, எண்கோட்டில் ஓர் எண்ணின் இடத்தைக் கணிப்பது ஆகிய அனைத்திலும் அவர்கள் முன்னேறினார்கள். ஒன்பது வாரம் கழித்தும் அந்த முன்னேற்றம் நிலைத்திருந்தது. அதே பலகையில் எண்களுக்குப் பதிலாக நிறங்களை வைத்து ஆடிய குழந்தைகளிடம் அந்த மாற்றம் இல்லை. அவர்களும் ஆடினார்கள், மகிழ்ந்தார்கள், காயை நகர்த்தினார்கள். கையின் வேலையில் வேறுபாடே இல்லை. அடுத்த ஆண்டு அதே ஆய்வாளர்கள் கட்டங்களை வட்டமாக அமைத்துப் பார்த்தபோது நேர்வரிசைப் பலகை தந்த பயன் கிடைக்கவில்லை. எண் பெரிதாகப் பெரிதாகத் தொலைவும் கூடுகிறது என்ற உண்மையை நேர்கோடு கண்முன் நிறுத்துகிறது, வட்டம் மறைத்துவிடுகிறது.

இவற்றினும் முக்கியமானது எலிடா லாஸ்கியும் சீக்லரும் 2014-ல் வெளியிட்ட ஆய்வு. நூறு வரை எண்கள் கொண்ட பலகையில் ஒரு குழுவினர் காய் நிற்கும் எண்ணிலிருந்தே தொடர்ந்து எண்ணினார்கள்: இருபத்தைந்தில் நின்று மூன்று விழுந்தால் இருபத்தாறு, இருபத்தேழு, இருபத்தெட்டு. மற்றவர்கள் வழக்கம்போல ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி நகர்ந்தார்கள். பலகையிலும் காயிலும் மாற்றமில்லை. வாயில் சொல்லும் எண் மட்டுமே மாறியது. முதல் குழுவினர் கற்ற அளவுக்கு இரண்டாம் குழுவினர் கற்கவில்லை. நம் வகுப்பறைகளில் பரமபதம் பெரும்பாலும் இரண்டாம் வகையில்தான் ஆடப்படுகிறது. ஒன்று, இரண்டு, மூன்று என்று தட்டிக்கொண்டு போகும் குழந்தைக்கு, கட்டத்தில் எழுதியிருக்கும் எண்ணைப் பார்க்க வேண்டிய தேவையே எழுவதில்லை. ‘இப்போது எங்கே நிற்கிறாய்? அங்கிருந்து சொல்லிக்கொண்டே போ’ என்று ஆசிரியர் விதியைத் திருத்தினால் போதும், ஒரு பைசா செலவில்லாமல் அதே பலகை கணிதப் பாடமாகிவிடும்.

பல்லாங்குழியையும் இதே கண்ணோடு பார்க்கலாம். நம் மரபு விளையாட்டுகள் கணிதத்தை வளர்க்கின்றன என்று பெருமையோடு எழுதுகிறோம். பெருமை நியாயமானதுதான், ஆனால் அந்தக் கூற்று பாதிதான் உண்மை. பதினான்கு குழிகளில் முத்துகளை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு போவதற்கு எண்ணத் தெரிய வேண்டியதில்லை. கையில் முத்து தீர்ந்தால் அடுத்த குழியை அள்ளித் தொடரலாம். தேர்ந்த ஆட்டக்காரர் எந்தக் குழியை எடுத்தால் எங்கே போய் முடியும் என்று முன்கூட்டியே கணிக்கிறார். கணிதம் இருப்பது அந்தக் கணிப்பில். புதிதாக ஆடும் ஆறு வயதுக் குழந்தை அதைத் தானாகச் செய்யாது. முத்தைப் போடும் முன் கடைசி முத்து விழும் குழியை விரலால் காட்டச் சொன்னால்தான் செய்யும்.

கற்க வேண்டியதைச் சிந்திக்காமலே செயல்பாட்டை முடிக்க விடும் இந்தப் பிழை, எழுத்துக் கற்றலில் இன்னும் ஆழமானது. முதல் வகுப்பில் பரவலாக நடக்கும் ஒரு செயல்பாடு, பெரிதாக வரைந்த எழுத்தின் மீது புளியங்கொட்டையோ மணலோ ஒட்டுவது. விரல் தசைகளுக்கு அது நல்ல பயிற்சி. ஆனால் எழுத்துப் பாடமாக அதன் மதிப்பு குறைவு. ஒட்டும்போது குழந்தையின் கவனமெல்லாம் பசையிலும் கொட்டையின் இடைவெளியிலும் இருக்கிறது. அந்த வடிவம் எந்த ஒலியைக் குறிக்கிறது என்பதை ஒரு முறைகூட நினைக்காமல் முழு எழுத்தையும் ஒட்டி முடித்துவிடலாம். இதற்கு மாறாக ‘கல்’ என்ற அட்டைச் சொல்லுக்குள் ஒரு துணைக்காலைச் செருகி, என்ன ஆயிற்று என்று கேட்கும் செயல்பாட்டை எண்ணிப் பாருங்கள். கல் கால் ஆகிறது. பல் பால் ஆகிறது. படம் பாடம் ஆகிறது. ஒலி நீள்வதைக் காதால் பிரித்துணராமல் குழந்தை இதில் நகரவே முடியாது. கன்னடக் குழந்தைகளை ஆராய்ந்த சோனாலி நாக் 2007-ல் காட்டியபடி, இந்திய எழுத்து முறைகளைக் கற்று முடிக்க ஆங்கில எழுத்துகளைவிட நெடுங்காலம் ஆகிறது; சில எழுத்துகள் நான்காம் வகுப்பு வரைகூடப் பிடிபடுவதில்லை. தமிழில் கொம்பு மெய்க்கு முன்னும் கால் பின்னும் நிற்கும் ‘கொ’ போன்ற எழுத்தில், கண் பார்க்கும் வரிசையும் வாய் ஒலிக்கும் வரிசையும் வேறு. இத்தனை நுட்பமான ஒன்றைக் கற்க வேண்டிய பருவத்தில் வகுப்பு நேரத்தைக் கொட்டை ஒட்டுவதற்குச் செலவிடுவது பெரிய இழப்பு.

பொருள்கள் தாமாகக் கற்பிப்பதில்லை என்பதற்குக் களச் சான்றும் உண்டு. பீகாரில் பொருளியலாளர் அபிஜித் பானர்ஜி உள்ளிட்டோர் நடத்திய ஆய்வில், பிரதம் என்னும் கல்வித் தொண்டு அமைப்பின் கற்றல் பொருள்களை மட்டும் பள்ளிகளுக்குக் கொடுத்தபோதும், பொருள்களோடு ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் கொடுத்தபோதும் மாணவர் திறனில் குறிப்பிடத்தக்க உயர்வு ஏற்படவில்லை. அதே அரசு ஆசிரியர்கள் கோடை முகாமில், குழந்தைகளை வகுப்பைப் பாராமல் வாசிப்பு நிலைப்படி பிரித்து, அதே பொருள்களைக் கொண்டு கற்பித்தபோது உயர்வு தெரிந்தது. தமிழ்நாட்டு நிலையும் எச்சரிக்கை தருகிறது. குழந்தைகளின் கற்றல் திறனை அளக்கும் ஏசர் ஆய்வின் 2022 அறிக்கைப்படி, ஊரகத் தமிழ்நாட்டில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்த மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் 4.8 விழுக்காடு மட்டுமே. கொரோனா காலத்தில் பள்ளிகள் நெடுங்காலம் மூடிக் கிடந்ததன் விளைவும் அதில் உண்டு. ஆயினும் 2018-லும் அது பத்து விழுக்காட்டை ஒட்டியே இருந்தது. செயல்வழிக் கற்றல்தான் இதற்குக் காரணம் என்று சொல்ல இந்த எண்கள் போதா. செயல்பாடுகள் நிறைந்திருந்தால் வாசிப்பு தானே வரும் என்ற நம்பிக்கையைக் கைவிட இவை போதும்.

இதற்கு எழக்கூடிய முதல் மறுப்பு, செயல்பாட்டைச் சிந்தனையால் அளக்கும் இந்த அளவுகோல் குழந்தையின் மகிழ்ச்சியைப் பறித்துவிடும் என்பது. இது கவனமாகப் பதில் சொல்ல வேண்டிய மறுப்பு. விளையாட்டு விளையாட்டுக்காகவே குழந்தைக்கு வேண்டும். மண்ணில் ஆடுவதையும் ஓடுவதையும் பாடுவதையும் கணிதப் பயனைச் சொல்லி நியாயப்படுத்தத் தேவையில்லை. நான் சொல்வது பாடவேளை என்று நாம் பெயரிட்டிருக்கும் நேரத்தைப் பற்றி மட்டுமே. அங்கும் சிந்தனை மகிழ்ச்சிக்குப் பகையன்று: சீக்லரின் ஆய்வில் பங்கேற்ற குழந்தைகள் எண் பலகையில் ஆடியதும் விளையாட்டுதான். மூன்றாம் வகுப்பில் வாசிக்க முடியாமல் தலைகுனிந்து நிற்கும் குழந்தையின் துயரத்தையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மற்றொரு மறுப்பு எதிர்த்திசையிலிருந்து வருகிறது: அப்படியானால் பழைய கரும்பலகை முறைக்கே திரும்பிவிடலாமே? இல்லை. கூட்டாகக் கத்தி ஒப்பிக்கும் வகுப்பில் குழந்தை என்ன சிந்திக்கிறது என்று கேட்டால் விடை இன்னும் மோசமாக இருக்கும். 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்த இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி, செயல்பாட்டுக்குள்ளேயே சிந்தனையை அமைக்க முடியும் என்பதை நன்கு அறிந்திருந்தார். அவருடைய இளஞ்சிவப்புக் கோபுரத்தின் பத்துக் கனசதுரங்கள் நிறத்திலும் வடிவிலும் ஒன்றே, அளவில் மட்டுமே வேறு. அளவைப் பற்றி நினைக்காமல் அந்தக் கோபுரத்தை ஒழுங்காக அடுக்க இயலாது. கணிதப் பொருள்கள் குறித்த 55 ஆய்வுகளைத் தொகுத்து 2013-ல் கிரா கார்போன்னோவும் உடனாய்வாளர்களும் செய்த பகுப்பாய்வும், பொருள்களின் பயன் ஆசிரியரின் வழிகாட்டல் மிகுந்த இடத்தில் கூடுகிறது என்றே காட்டியது.

நடைமுறை சார்ந்த தடை ஒன்று மீதமிருக்கிறது. இரண்டு ஆசிரியர்கள் ஐந்து வகுப்புகளைப் பார்க்கும் பள்ளியில் ஒவ்வொரு குழந்தையிடமும் கேள்வி கேட்க நேரம் ஏது? செயலி வழி மதிப்பீட்டுப் பதிவுகளே நேரத்தைத் தின்கின்றன என்ற ஆசிரியர்களின் குறையும் நியாயமானது. இந்த நெருக்கடி என் வாதத்தை வலுப்படுத்தவே செய்கிறது. நேரம் குறைவாக இருப்பதால்தான் வீணான செயல்பாடு கட்டுப்படியாகாது. சரியான விதி அமைந்த விளையாட்டில் கேள்வி விளையாட்டுக்குள்ளேயே இருக்கும். எண்ணைச் சொல்லாமல் காயை நகர்த்தக்கூடாது என்பது விதியானால், ஆசிரியர் அடுத்த குழுவில் இருக்கும்போது எதிரே ஆடும் குழந்தையே அதைக் கேட்டு வாங்கிவிடும். துணைக்கருவி தயாரிப்பில் ஆசிரியர்கள் இரவெல்லாம் வெட்டி ஒட்டும் உழைப்பில் ஒரு பகுதி, இருக்கும் விளையாட்டுகளின் விதிகளைத் திருத்துவதற்குப் போகட்டும்.

ஆகவே மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்துக்கு வைக்கும் வேண்டுகோள் இது: ஆசிரியர் கையேட்டில் ஒவ்வொரு செயல்பாட்டுக்கும் தேவையான பொருள்களை அச்சிடும் இடத்துக்குப் பக்கத்திலேயே, அதைச் செய்து முடிக்கக் குழந்தை எதைச் சிந்தித்தாக வேண்டும், எதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். அந்த வரியை எழுத முடியாத செயல்பாட்டைப் பாடவேளையிலிருந்து நீக்கிவிட வேண்டும்.