எந்த முருகேசன்?

திருச்சி காந்தி மார்க்கெட்டில் நின்று "முருகேசா" என்று கூப்பிட்டால் நாலு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். சின்ன வயதில் அப்பாவோடு விடிகாலையில் காய் வாங்கப் போகும்போது எனக்கு இது பெரிய வேடிக்கை. "எந்த முருகேசண்ணே? வாழைக்காயா, வெங்காயமா?" என்று பதில் கேள்வி வரும். சொன்னால் சரியான ஆள் வந்து நிற்பார்.

1866இல் திருச்சி நகராட்சி உருவானது. 1868இல் இந்த மார்க்கெட் வந்தது. காந்தியின் பெயர் பிற்பாடு சேர்ந்தது. நகராட்சி என்றாலே பேரேடுதான். வியாபாரி அதில் ஒரு வரி ஆகிவிடுவார்: பெயர், கடை எண், வாடகை. ஆனாலும் சீட்டுக் கிழிக்க வந்தவருக்கு முகம் தெரியும். தப்பாக எழுதினால் அங்கேயே சண்டை போட்டுத் திருத்திவிடலாம்.

மென்பொருள் எழுத வந்தபின் எனக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை, இரண்டு பட்டியல்களில் உள்ள பெயர்கள் ஒரே ஆளுடையவையா என்று கண்டுபிடிப்பது. எழுத்துகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று மதிப்பெண் போட வேண்டும். 85க்கு மேல் வந்தால் ஒரே ஆள். ஏன் 85? சோதித்துப் பார்த்த பத்துப் பதினைந்து பெயர்களுக்குச் சரியாக வந்தது, வைத்துவிட்டேன். அது விளம்பரக் கடிதங்களுக்கான பட்டியல். தப்பினால் ஒருவருக்குக் கடிதம் போகாது, அவ்வளவுதான்.

இதே வேலையை அரசு செய்தால் என்ன ஆகும்? தெலங்கானாவின் 'சமக்ர வேதிகா' பல துறைகளின் பதிவுகளைக் கணினி வழியே இணைத்து, யாருக்கு மானியம் தகும் என்று பார்க்கிறது. ரிக்‌ஷா இழுத்துப் பிழைத்த ஒருவரை அது கார் வைத்திருப்பவர் என்று கணக்கில் எடுத்தது. கார் இருந்தது கிட்டத்தட்ட அதே பெயர் கொண்ட இன்னொருவரிடம். அந்தக் குடும்பத்துக்கு மானிய அரிசி மறுக்கப்பட்டது. 2016 முதல் அங்கே ரத்தான லட்சக்கணக்கான ரேஷன் அட்டைகளை நேரில் போய்ச் சரிபார்க்கும்படி 2022இல் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

நம்மூரில் ரேஷன் எல்லோருக்கும் பொது என்பதால் அரிசியில் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் 2023இல் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகைக்கு 1.63 கோடிப் பேர் விண்ணப்பித்தார்கள்; 1.06 கோடிப் பேர் தேர்வானார்கள். வீட்டில் கார் இருந்தால் கிடையாது. இத்தனை விண்ணப்பங்களைக் கணினி இல்லாமல் சரிபார்ப்பது நடக்கிற காரியமில்லை. மறுக்கப்பட்டவர்கள் 30 நாளுக்குள் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்று வைத்தார்களே, அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சீட்டுக்காரரிடம் போடும் சண்டையின் இன்றைய வடிவம் அது.

செயற்கை நுண்ணறிவை அரசு ஒதுக்கிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தமிழ்நாட்டின் 'இ-பார்வை' செயலி செல்போன் படத்தை வைத்தே கண்புரையைக் கண்டுபிடிக்க உதவுகிறது. இயந்திரம் சந்தேகப்பட்டால் டாக்டர் பார்ப்பார். தெலங்கானாவில் இயந்திரம் சந்தேகப்பட்டது, அரிசி நின்றது. வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. 2020இலேயே இதற்கென ஒரு கொள்கையை வெளியிட்ட மாநிலம் நம்முடையது. தனியுரிமை, பாகுபாடின்மை, தணிக்கை எல்லாம் அதில் உண்டு. அந்தத் தணிக்கை தாலுகா ஆபீஸ் கவுன்ட்டர் வரை வருகிறதா என்பதுதான் கேள்வி.

என் 85ஐ வைத்தது யார் என்றாவது கேட்கலாம், நான்தான். தரவிலிருந்து தானே கற்றுக்கொள்ளும் இன்றைய மாதிரிகளில், ஏன் இந்த மதிப்பெண் என்று எழுதியவருக்கே பல நேரம் சொல்லத் தெரிவதில்லை.

அந்த வேலையை விட்டு வருஷங்கள் ஆகின்றன. 85 இன்னும் எங்கேயோ ஓடிக்கொண்டிருக்கலாம். இன்று எழுதினால் அதன் கீழே ஒரு வரி சேர்ப்பேன்: மதிப்பெண் எவ்வளவு வந்தாலும், அரிசியை நிறுத்துவதற்கு முன் யாரையாவது நேரில் அனுப்பி, எந்த முருகேசன் என்று கேளுங்கள்.