காலாவதியாகும் முன்பணம்: அலைபேசி நுகர்வோரின் கூட்டு வழக்குரிமை – கீழ் கோத்தகிரியை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

நீலகிரி மாவட்டத்துக் கீழ் கோத்தகிரி, சிறு தேயிலை விவசாயிகளும் தோட்டத் தொழிலாளர்களும் வாழும் மலையூர். இங்கு விளையும் பசுந்தேயிலைக்கு மாதந்தோறும் விலை நிர்ணயிக்கப்படுகிறது. பரவலாக விற்கப்படும் அலைபேசித் திட்டமோ 28 நாள்களில் காலாவதியாகிறது. எனவே ஆண்டின் 12 மாதங்களுக்கு 13 முறை ரீசார்ஜ் செய்ய நேர்கிறது. இவ்விழப்பு ஒருவருக்குச் சிறிது, ஊருக்குப் பெரிது. இதனைக் கூட்டாக வழக்காடி மீட்கச் சட்டம் இடமளித்ததா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

முன்பணத்தின் இருவகை நிலை

ரிசர்வ் வங்கியின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைப்படி, மின்பணப்பை போன்ற முன்பணக் கருவிகளுக்குக் குறைந்தது ஓராண்டுச் செல்லுபடிக் காலம் உண்டு. அலைபேசிக்குச் செலுத்தும் முன்பணம் இப்பாதுகாப்பைப் பெறவில்லை. 2018 நவம்பரில், இருப்பில் பணம் இருந்தும் 35 ரூபாய்த் திட்டத்தை 28 நாள்களுக்கு ஒருமுறை வாங்காத இணைப்புகளைத் துண்டிக்க நிறுவனங்கள் முற்பட்டன. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் (டிராய்) அப்போது தலையிட்டது.

கனடாவிலும் இவ்வினா எழுந்தது. பெல் மொபிலிட்டி நிறுவனத்திற்கு எதிரான கூட்டு வழக்கில், காலாவதியான இருப்பைப் பரிசு அட்டையாகக் கருதவியலாது என ஒன்ராறியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் 2016இல் தீர்ப்பளித்தது. முன்பணம் வைப்புத்தொகையா, குறித்த காலச் சேவைக்கான விலையா என்பதே வழக்கின் மையம்.

வழக்கு மன்றங்களின் கதவுகள்

ஒத்த நலனுடைய பலருக்காக ஒருவர் முறையிட, 1986ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 12(1)(இ) பிரிவு வழிவகுத்தது. ஆயினும் தொலைபேசிக் கட்டணத் தகராறுகள் 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் 7பி பிரிவுக்கே உரியவை என 2009இல் உச்ச நீதிமன்றம் கூறியதால் அவ்வழி அடைபட்டது. தொலைத்தொடர்புத் தகராறு தீர்ப்பாயம், தனி நுகர்வோரின் முறையீட்டை ஏற்காது. நுகர்வோர் குழுவின் வழக்கை ஏற்கும். ஆனால் அத்தீர்ப்பாயம் அமைந்திருப்பது டெல்லியில். கீழ் கோத்தகிரியினர்க்கு அருகிலுள்ள உதகை மன்றத்தில் தடை. திறந்திருந்த கதவோ நாட்டின் மறுகோடியில்.

2022 பிப்ரவரியில், வோடபோன் ஐடியா வழக்கில், நுகர்வோர் மன்றங்களுக்கு அதிகாரம் உண்டென உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் 35(1)(இ) பிரிவிலும் கூட்டு முறையீட்டுரிமை தொடர்கிறது.

விதிவழி வந்த நிவாரணம்

இடைப்பட்ட காலத்தில் நிவாரணம் விதிகளின் வழியே வந்தது. 20 ரூபாய் இருப்புள்ள எண்ணைப் பயன்பாடின்மை காரணமாகத் துண்டிக்கலாகாது என 2013இலும், ஒவ்வொரு நிறுவனமும் 30 நாள் திட்டம் ஒன்றேனும் தரவேண்டும் என 2022 சனவரியிலும் டிராய் விதித்தது. சிறப்புக் கட்டணச் சீட்டுகளின் உச்சக் காலவரம்பு 2024 டிசம்பரில் 90 நாள்களிலிருந்து 365 நாள்களாக உயர்த்தப்பட்டது. குரல், குறுஞ்செய்திக்கு மட்டுமான திட்டங்களும் கட்டாயமாயின.

முடிவுரை

இவ்விதிகள் வருங்கால இழப்பைக் குறைத்தன. கடந்த இழப்பை ஈடுசெய்யவில்லை. ஈடுசெய்ய வல்லது கூட்டு வழக்கே. உதகையின் கதவு இன்று திறந்துள்ளது. ஐந்து இலட்சம் ரூபாய் வரையிலான முறையீட்டிற்குக் கட்டணமும் இல்லை. எனினும் உதகைக்குச் சென்று திரும்பும் ஒருநாட் கூலி, காலாவதியான தொகையினும் மிகுதி. அக்கூலியைத் தனியொருவர் இழப்பதா, ஊர் பகிர்ந்துகொள்வதா என்பதிலேயே இவ்வுரிமையின் பயன் அடங்கியுள்ளது.