‘எனக்கு வராது!’

‘எனக்கு வராது!’ இந்த இரண்டு சொற்களைப் போல் நம் மக்களை இறுகக் கட்டிய தளை வேறொன்று உண்டோ? ஏர் பிடித்தவன், எழுத்து வராது என்றான். அடுப்பங்கரையில் அடைபட்ட பெண், அரசியல் வராது என்றாள். முயன்று தோற்றபின் தந்த தீர்ப்பா அது? இல்லை! முயலுமுன்பே ‘தலையெழுத்து’ எனப் பெயர் சூட்டி, பிறர் எழுதி, அவர்கள் கையில் திணித்த தீர்ப்பு!

ஆற்றல் ஒத்த இருவரை எடுத்துக்கொள்வோம். தன்னால் இயலும் என எண்ணுகிறவன் தோல்வி கண்டால் வழியை மாற்றுகிறான். இயலாது என எண்ணுகிறவன் தோல்வி கண்டால் வேலையையே விட்டுவிடுகிறான். இந்த நம்பிக்கையின் தன்மையை 1977இல் விரித்துரைத்தார் ஆல்பர்ட் பண்டூரா என்னும் உளநூல் அறிஞர். பிறர் ஊட்டும் ஊக்கவுரையால் அது சிறிது வளரும்; தம்மைப் போன்றோர் வெல்வதைக் கண்டால் மேலும் வளரும்; தாமே ஒன்றைச் செய்து முடித்த பட்டறிவால்தான் வேரூன்றி நிற்கும் என்றார் அவர்.

இதற்குச் சான்று தேடிக் கடல் கடக்க வேண்டுவதில்லை. கோவையை அடுத்த கலங்கலில் 1893இல் பிறந்தார் துரைசாமி. ‘ஜி. டி. நாயுடு’ என ஊரறிந்தவர். சாதிப் பட்டத்தை நீக்கித் துரைசாமி என்றே அழைப்போம். பள்ளிப்படிப்பு அவருக்கு ஒட்டவில்லை. இளமையில் ஒரு மோட்டார் சைக்கிளைக் கண்டார். கண்டவுடன் கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை, அது எப்படி ஓடுகிறது என்று கேட்டார்! கோவைக்கு வந்து உணவு விடுதியில் பரிமாறிப் பணம் சேர்த்தார், அந்த வண்டியை வாங்கினார், அக்கக்காகக் கழற்றினார், மீண்டும் பூட்டினார். பட்டம் தராத துணிவை அந்தத் திருப்புளி தந்தது. 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பேருந்து ஓட்டினார். அது பெரும் நிறுவனமாயிற்று. 1932இல் பைக்காராவின் நீர்மின்சாரம் பிறந்தது. கொங்குச் சீமைக்கு ஒளி வந்தது. மாடு பூட்டிக் கவலை இறைத்துக் கவலையிலேயே கிடந்த உழவனுக்கு, மின்மோட்டார் வேண்டியிருந்தது. 1937இல் பாலசுந்தரத்தோடு சேர்ந்து, இந்நாட்டிலேயே அதைச் செய்து காட்டினார் துரைசாமி. ‘வெள்ளைக்காரனுக்குத்தான் வரும்’ என்ற பேச்சு பீளமேட்டில் பொடியாயிற்று. ஒருவர் செய்ததைக் கண்டவர் பலர்; கண்டவர் கைகளும் துணிந்தன. பம்புக்கும் மோட்டாருக்கும் பேர்போன ஊராயிற்று கோவை!

ஆகவே நம்பிக்கை கொள், வெற்றி கிட்டும் என்று கூறி முடித்துவிடலாமா? கூடாது. அது பாதி உண்மை. துரைசாமியின் குடும்பத்துக்கு நிலம் இருந்தது. முதல் பேருந்து வாங்க ஸ்டேன்ஸ் துரையின் உதவி கிடைத்தது. அதே காலத்தில், அவர் பரிமாறியதைப் போன்ற விடுதிகளில் அடியெடுத்து வைக்கவும் உரிமையற்று நின்றான் சேரி இளைஞன். கழற்றிப் பார்க்க வண்டியே கிடைக்காதவனிடம், ‘உனக்கேன் துணிவில்லை?’ என்று கேட்பது அறமா?

சாதி வாயிலை மட்டுமா அடைத்தது? உள்ளத்தையும் அடைத்தது. உத்தரப் பிரதேசச் சிற்றூர்களில் கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்னும் ஆய்வாளர் இருவர் நடத்திய சோதனை 2006இல் அச்சேறியது. ஆறாம், ஏழாம் வகுப்புச் சிறுவர்களிடம் வழி கண்டுபிடிக்கும் புதிர்களைக் கொடுத்தனர். தீர்க்கும் புதிர் ஒன்றுக்கு ஒரு ரூபாய். சாதியைச் சொல்லாமல் விட்டபோது, மேல் கீழ் என்று பிரிக்கப்பட்ட பிள்ளைகள் ஏறக்குறையச் சமமாகவே தீர்த்தனர். ஒவ்வொருவன் சாதியையும் அவையறியச் சொன்ன பின்னரோ, தாழ்த்தப்பட்ட பிள்ளைகளின் கை தளர்ந்தது! மூளை மாறவில்லை, புதிர் மாறவில்லை, காதில் விழுந்த ஒரு சொல் மாற்றிற்று.

இப்போது வரலாற்றைத் திரும்பிப் பார்ப்போம். 1925 மே 2ஆம் நாள் ஈரோட்டில் ‘குடி அரசு’ இதழைத் தொடங்கினார் பெரியார். 1929இல் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, சாதிப் பட்டங்களைத் துறக்குமாறு தீர்மானம் நிறைவேற்றியது. ‘பெயருக்குப் பின்னுள்ள வாலை வெட்டினால் பசி தீருமா?’ என்று எள்ளி நகைத்தோர் இருந்தனர். வாலை வெட்டியது வீண் வேலையன்று. பிள்ளையின் கையைத் தளரவைத்த சொல்லை வெட்டிய வேலை! ஆய்வுக்கூடம் பின்னாளில் அளந்து சொன்னதை, ஈரோடு முன்னாளில் உணர்ந்து சொன்னது.

தன்மதிப்பு இல்லாதவனுக்கு வாய்ப்புத் தந்தால் தயங்குவான். வாய்ப்பில்லாதவனுக்குத் தன்மதிப்பை மட்டும் ஊட்டினால் ஏங்குவான். இரண்டும் சேர்ந்தால்தான் எழுவான். ஆகவே நம் வகுப்பறையில் ஒரு பிள்ளை எழுந்து, ‘கணக்கு எனக்கு வராதுங்க’ என்றால், ‘நம்பிக்கை வை, தம்பி’ என்று நல்லுரை கூறி நகர்ந்துவிட வேண்டாம். அவனால் முடியக்கூடிய ஒரு கணக்கை முதலில் கொடுப்போம். முடித்தபின் சற்றே கடினமான இன்னொன்றைக் கொடுப்போம். அவன் சாதியைக் கரும்பலகைக்கு வெளியே நிறுத்துவோம். தலையெழுத்தை எழுதியவன் எவனோ. சுண்ணக்கட்டி இப்போது அந்தப் பிள்ளையின் கையில் இருக்கட்டும்!